கடலில் நின்று வழக்குரைத்த வில்லாளன்

இலியட் காப்பியத்தைக் கற்ற மாணவர்களிடம் அதில் வரும் வீரர்களின் பெயர்களைக் கேட்டால், அக்கிலீஸ், ஹெக்டர், ஒடிசியஸ், அகமெம்னன் என்று தடையின்றிக் கூறுவர். மலைபோன்ற உடலும் கோபுரம்போன்ற கேடயமும் கொண்ட அஜாக்ஸையும் சிலர் நினைவுகூர்வர். அந்தக் கேடயத்தின் பின்னால் வில்லும் கையுமாய் நின்ற ஒருவனை நினைப்பவர் மிகச் சிலரே. அவன் பெயர் தியூக்கர். அஜாக்ஸின் தம்பி, தந்தை ஒருவனே, தாயர் வேறு. பத்தாண்டுப் போரில் வெட்டுண்டு சாகாமல், கடலில் மூழ்காமல், தன் தாய்நாட்டுக் கரைவரை வந்துசேர்ந்த அவனுக்கு அக்கரையில் கால் வைக்கும் உரிமை கிடைக்கவில்லை. உரிமையை மறுத்தவன் பகைவனல்லன், பெற்ற தந்தையே.

தியூக்கர் என்று ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தான் என்று சான்று காட்ட எவராலும் இயலாது. இதனை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஆயினும் அவன் பெயரைச் சொல்லி ஒரு நகரம் வாழ்ந்தது. அவன் வழிவந்தோம் என்று ஓர் அரசமரபு பல நூற்றாண்டுகள் ஆண்டது. ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம் ஒன்றின் வழக்காற்றிற்கு அவனே முதல்வன் என்றனர். மக்கள் ஒரு கதையை எவ்வாறு நம்பினர், அந்நம்பிக்கையைக் கொண்டு என்ன செய்தனர் என்பது வரலாற்றின் பொருளேயன்றிப் புனைகதையின் பொருளன்று. அந்த எண்ணத்தோடுதான் இவ்வீரனின் வாழ்வையும் குடும்பத்தையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தியூக்கரின் கதையை அவன் பிறப்பிலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். பாட்டனிடமிருந்து தொடங்க வேண்டும். ஏதென்ஸுக்குத் தெற்கேயுள்ள ஏஜினாத் தீவின் அரசன் அயாக்கஸ். நேர்மைக்குப் பெயர் பெற்றவன். இறந்தபின் கீழுலகில் உயிர்களுக்குத் தீர்ப்பளிக்கும் நடுவர்களில் ஒருவனானான் என்று கிரேக்கர் நம்பினர். அவனுக்கு மனைவி எண்டேயிஸ் வயிற்றில் பீலியஸ், தெலமோன் என்னும் இரு மக்கள் பிறந்தனர். சமதே என்னும் கடல்மகள் வயிற்றில் ஃபோக்கஸ் என்பவன் பிறந்தான். மனையாட்டியின் மக்கள் இருவர். மற்றவள் மகன் ஒருவன். ஃபோக்கஸ் விளையாட்டுகளில் சிறந்து விளங்கினான் என்றும், அதுவே அவன் உயிருக்குக் கூற்றாயிற்று என்றும் கூறுவர். வட்டெறியும் ஆட்டத்தின்போது கல் ஒன்று அவன் தலையில் விழுந்தது. எறிந்தவன் பீலியஸ் என்பர் சிலர். தெலமோன் என்பர் சிலர். அது கைதவறி விழுந்த கல்லன்று என்றே பலர் கூறுவர்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிப் பயண நூல் எழுதிய பௌசானியஸ், ஏஜினாவில் ஃபோக்கஸின் கல்லறை மேட்டையும் அதன்மேல் கிடந்த கரடுமுரடான கல்லையும் கண்டதாகக் குறிக்கிறார். அங்கு அவர் கேட்டறிந்த செய்தியொன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அயாக்கஸ் மக்கள் இருவரையும் தீவைவிட்டுத் துரத்தினான். சிறிது காலத்திற்குப் பின் தெலமோன் தூதன் ஒருவனை அனுப்பி, ஃபோக்கஸைக் கொல்லும் திட்டத்தில் தனக்குப் பங்கில்லை என்று முறையிட்டான். தந்தை மனம் இளகவில்லை. மண்ணில் கால் வைக்கக் கூடாது. கப்பலில் நின்றோ, கடலுக்குள் ஒரு மேடு எழுப்பி அதன்மேல் நின்றோ வழக்குரைக்கலாம் என்றான். தெலமோன் இரவோடிரவாகத் துறைமுகத்துக்குள் வந்து, கல்லும் மண்ணும் கொட்டி மேடமைத்து, அதன்மேல் நின்று தன் வழக்கை எடுத்துரைத்தான். தீர்ப்பு அவனுக்கு எதிராகவே அமைந்தது. அவன் கப்பலைத் திருப்பிக்கொண்டு சாலமிஸ் தீவிற்குப் போய்விட்டான்.

ஆட்டிக்கா நாட்டின் கரையை ஒட்டினாற்போல் கிடக்கும் சிறு தீவு சாலமிஸ். அதன் அரசன் சிக்ரியஸ் தன் ஆட்சியைத் தெலமோனுக்கு விட்டுச் சென்றான். துரத்தப்பட்டவன் அரசனானான். அவனுடைய முறையான மனைவி எரிபோயா பெற்ற மகனே அஜாக்ஸ். இனி, தியூக்கரின் தாயைக் காண்போம்.

ஆசியாக் கரையில் டிராய் நகரை அந்நாளில் ஆண்டவன் லவோமெதோன். வாக்குத் தவறுவதில் அவனுக்கு இணையில்லை. நகர மதிலைக் கட்டித்தந்த கடல்தெய்வம் பொசைடனுக்கும் உடன் உழைத்த அப்போலோவுக்கும் பேசிய கூலியைக் கொடாமல் விரட்டினான். சினந்த பொசைடன் கடலரக்கனை ஏவினான். அதற்கு இரையாக அரசன் மகள் ஹெசியோனியைப் பாறையில் கட்டிவைத்தனர். அவ்வழி வந்த ஹெர்க்குலிஸ் அவளைக் காத்தான். அதற்குப் பரிசாகச் சொன்ன குதிரைகளை லவோமெதோன் அவனுக்கும் கொடுக்கவில்லை. ஹெர்க்குலிஸ் படை திரட்டிக்கொண்டு மீண்டான். உடன் வந்தவன் தெலமோன். நாம் அறிந்த டிராய்ப் போருக்கு ஒரு தலைமுறைக்கு முன் நடந்ததாகக் கூறப்படும் போர் இது.

மதிலை முதலில் உடைத்து உட்புகுந்தவன் தெலமோனே. தனக்கு முன் ஒருவன் புகுவதா என்று ஹெர்க்குலிஸ் வாளை உருவினான். தெலமோன் உடனே குனிந்து கற்களைப் பொறுக்கத் தொடங்கினான். என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, வெற்றிவீரன் ஹெர்க்குலிசுக்குப் பலிபீடம் கட்டுகிறேன் என்றானாம். வாள் உறைக்குள் போயிற்று. தந்தையின் முன் பயன்படாத பேச்சுத்திறம் நண்பன் முன் பயன்பட்டது. வீரத்திற்கு விருதாக ஹெசியோனியை ஹெர்க்குலிஸ் தெலமோனுக்கு அளித்தான். சிறைப்பட்டோரில் ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்று அவளுக்கு உரிமையும் தந்தான். அவள் தன் இளைய தம்பி பொதார்க்கஸைக் கேட்டாள். அவன் முதலில் அடிமையாகவேண்டும், பிறகு விலைகொடுத்து மீட்கவேண்டும் என்றபோது, தலையிலிருந்த முக்காட்டை எடுத்து விலையாகத் தந்தாள். விலைக்கு வாங்கப்பட்டதால் அவனுக்குப் பிரையம் என்று பெயர் வந்தது என்பர். இது பெயரைக் கண்டு பின்னால் புனைந்த விளக்கமாகவே இருக்கவேண்டும். ஆனால் கதைக்கு அதனால் ஏற்பட்ட ஆழம் பெரிது. அந்தப் பிரையமே பின்னாளில் டிராயின் முதிய அரசன், ஹெக்டரின் தந்தை.

ஹெசியோனி சாலமிஸ் தீவில் பெற்ற மகன் தியூக்கர். டிராய் மக்களின் பழைய முன்னோன் ஒருவனுக்கும் தியூக்கர் என்றே பெயர் உண்டு. தன் நாட்டை இழந்த பெண் மகனின் பெயரிலாவது அதனை வைத்துக்கொண்டாள் போலும்.

இவ்வுறவுகளை வகுப்பில் விளக்கும் தமிழாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஹெக்டரையும் அக்கிலீசையும் தியூக்கருக்குக் ‘கசின்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுவர். தமிழில் அவ்வாறு குறிக்கவே முடியாது. பீலியஸ் தெலமோனின் உடன்பிறந்தான்; ஆகவே அவன் மகன் அக்கிலீஸ் தியூக்கருக்குப் பங்காளி, உடன்பிறப்பு முறை. பிரையமோ தாயின் தம்பி, ஆகவே தாய்மாமன். ஹெக்டர் மாமன் மகன், மைத்துனன். கரும்பலகையில் இம்முறைகளை எழுதியவுடன், தியூக்கர் பத்தாண்டுகள் யார்மீது அம்பு தொடுத்தான் என்பது மாணவருக்கு விளங்கிவிடும்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. ஹோமர் இவ்வுறவைப் பற்றி ஓரிடத்தும் பேசவில்லை. தியூக்கரை முறைமணத்தில் பிறவாத மகன் என்று குறிக்கிறார். தாயின் பெயரைச் சொல்வதில்லை. ஹெசியோனியின் மகன் என்ற செய்தி பின்னால் வந்த நூல்களிலேயே தெளிவாகக் காணப்படுகிறது. தெலமோன் பீலியஸின் உடன்பிறந்தானல்லன், நண்பன் மட்டுமே என்று சொன்ன பண்டைய ஆசிரியரும் உண்டு. எனினும் பிற்காலக் கிரேக்கர் இலியட்டைக் கேட்டபோது தாயின் கதையையும் மனத்தில் வைத்தே கேட்டனர். அவ்வாறு கேட்டால் சில இடங்கள் நெஞ்சை உறுத்தும்.

எட்டாம் காண்டத்தைப் பார்ப்போம். அஜாக்ஸ் ஏழு எருத்துத்தோல்களால் ஆன கேடயத்தைச் சற்றே விலக்குவான். தியூக்கர் வெளியே பாய்ந்து அம்பெய்வான். மறுகணமே, தாயிடம் ஓடும் குழந்தைபோல் அண்ணனிடம் ஓடி ஒளிவான். இப்படியே அடுத்தடுத்து எட்டுப் பேரை வீழ்த்துகிறான். ஒன்பதாம் அம்பை ஹெக்டரைக் குறித்து விடுகிறான். அது தவறி, பிரையமின் மற்றொரு மகனாகிய கொர்கிதியோனின் மார்பில் தைக்கிறது. மழைநீரும் விதையும் கனத்துச் சாயும் கசகசாச் செடியின் தலைபோல் அவன் தலை தலைக்கவசத்தோடு சாய்ந்தது என்கிறார் ஹோமர். மீண்டும் ஹெக்டரைக் குறிவைத்தபோது தேரோட்டி ஆர்கெப்டாலமஸ் வீழ்கிறான். அதன்பின் ஹெக்டர் எறிந்த கல் தியூக்கரின் காறையெலும்புப் பக்கம் தாக்கி, நாண் அறுந்து, வில் கைநழுவுகிறது. அஜாக்ஸ் ஓடிவந்து கேடயத்தால் தம்பியை மூடிக்கொள்கிறான். பதினைந்தாம் காண்டத்தில் மறுபடியும் ஹெக்டருக்கென்று அம்பு பூட்டுகிறான். அன்று காலைதான் கட்டிய புது நாண் அறுந்துபோகிறது. மைத்துனனுக்கென்று விட்ட அம்புகளில் ஒன்றுகூட அவன்மேல் தைக்கவில்லை.

பதின்மூன்றாம் காண்டத்தில் தியூக்கரின் ஈட்டிக்கு இம்பிரியஸ் என்பவன் இரையாகிறான். இவன் யார்? பிரையமின் மகள் மெதெசிகாஸ்தேயின் கணவன். அவளும் தியூக்கரைப் போலவே முறைமணத்தில் பிறவாதவள். பிரையம் இந்த மருமகனைத் தன் அரண்மனைப் பக்கத்திலேயே வைத்துப் பெற்ற பிள்ளைபோல் பேணினான். தமிழ் வழக்கில் சொன்னால், தியூக்கர் கொன்றது தன் மாமன் மகளின் கணவனை.

இந்த இடம் மொழியாராய்ச்சியாளர்க்கும் விருந்தாக அமைந்தது. தமிழில் ஒருமை, பன்மை என எண் இரண்டே. வடமொழியிலும் பண்டைக் கிரேக்கத்திலும் இருமை என மூன்றாவது எண் உண்டு. ஹோமர் பல இடங்களில் ‘அயந்தே’ என்று இருமையில் பாடுகிறார். ‘இரண்டு அஜாக்ஸ்கள்’ என்று பொருள் கொண்டு, சாலமிஸ் அஜாக்ஸையும் லோக்ரிஸ் நாட்டு அஜாக்ஸ் என்னும் வேறொருவனையும் அது குறிப்பதாகவே நெடுங்காலம் உரைத்துவந்தனர். 1877இல் ஜேக்கப் வாக்கர்நாகல் என்னும் மொழியறிஞர் வேறு விளக்கம் தந்தார். வடமொழியில் ‘பிதரௌ’ என்ற இருமைச்சொல் இரண்டு தந்தையரைக் குறிக்காது; தந்தையையும் தாயையும் குறிக்கும். அதுபோல ‘அயந்தே’ என்பது தொடக்கத்தில் அஜாக்ஸையும் அவனோடு இணைபிரியாத ஒருவனையும் குறித்தது. அந்த ஒருவன் தியூக்கரே என்றார் அவர். இம்பிரியஸின் உடலை இரு சிங்கங்கள்போல் தூக்கிச் செல்பவர் ‘அயந்தே’ என்று ஹோமர் பாடுகிறார். கொன்றவன் தியூக்கர் அல்லவா? அவனும் அவன் அண்ணனுமே தூக்கினர் என்பது பழைய பாடலில் இருந்திருக்கலாம். எல்லா அறிஞரும் இதனை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அண்ணன் பெயரைச் சொன்னாலே தம்பியும் அதனுள் அடங்குவான் என்னும் அளவிற்கு நெருக்கமான உறவொன்று இலக்கண வடிவத்திலேயே புதைந்து கிடக்கிறது என்னும் எண்ணம் என் மனத்தைக் கவர்ந்தது.

போட்டி விளையாட்டிலும் தியூக்கருக்கு நற்பேறு குறைவு. இருபத்துமூன்றாம் காண்டத்தில் பாட்ரோக்ளஸின் ஈமச்சடங்கில் விற்போட்டி நடக்கிறது. கம்பத்தில் கட்டிய புறாவே இலக்கு. அப்போலோவை வேண்டிக்கொள்ள மறந்து எய்த தியூக்கரின் அம்பு கயிற்றை அறுத்தது, புறா பறந்தது. வேண்டிக்கொண்டு எய்த மெரியோனிஸ் பறக்கும் புறாவை வீழ்த்திப் பத்து இருவாய்க் கோடரிகளைப் பெற்றான். தியூக்கருக்குக் கிடைத்தவை பத்து ஒருவாய்க் கோடரிகள்.

அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய படைக்கலங்கள் யாருக்கு என்ற வழக்கில், அவை ஒடிசியஸுக்குச் சென்றன. மானம் பொறாத அஜாக்ஸ் மதிமயங்கி, படைத்தலைவர் என்று எண்ணி ஆடுமாடுகளை வெட்டிக் குவித்தான். தெளிவு வந்ததும் நாணி, வாளை நிலத்தில் நட்டு அதன்மேல் வீழ்ந்து உயிர்விட்டான். அந்த வாள், முன்னொருநாள் இருவரும் பொருது பிரிந்தபோது ஹெக்டர் நட்பின் அடையாளமாக அளித்தது.

அஜாக்ஸின் சாவை நாடகமாக்கியவர் சோஃபோக்ளிஸ். அந்நாடகம் கி.மு. 440களை ஒட்டி இயற்றப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுவர். தலைவன் நடுவிலேயே இறந்துவிடுகிறான். எஞ்சிய பகுதி முழுவதும் அவன் உடலை அடக்கம் செய்யலாமா என்ற வாதம். இதனால் நாடகம் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று குறைகூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தியூக்கர் அப்போதுதான் மிசியா நாட்டிலிருந்து திரும்புகிறான். அண்ணனின் உடலைக் கண்டு அழும்போதே, சாலமிஸ் போனால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறான். நல்ல செய்தி கேட்டாலும் முகம் மலராத கிழவன் தெலமோன். சிறைப்பெண்ணின் மகன் கோழைத்தனத்தாலோ, அரசாட்சியின் மேல் வைத்த ஆசையாலோ அண்ணனைக் கைவிட்டான் என்று பழிப்பான். நாட்டைவிட்டுத் துரத்துவான் என்று சொல்லிப் புலம்புகிறான். தந்தையை நன்கறிந்த மகன்.

ஆயினும் பின்வாங்கவில்லை. மெனலாஸ் வந்து வில்லாளன் என்று எள்ளுகிறான். நேருக்கு நேர் நின்று ஈட்டியால் பொருதுவதே வீரம் என்று கருதிய கிரேக்கருக்கு வில் இழிந்த கருவி. அடுத்து அகமெம்னன் வருகிறான். அடிமைப்பெண் மகனுக்கு இவ்வளவு வாயா, உனக்காகப் பேசச் சுதந்திரக் குடிமகன் ஒருவனை அழைத்துவா, உன் அயல்மொழி எனக்கு விளங்கவில்லை என்கிறான். தியூக்கர் அகமெம்னனின் குடும்ப வரலாற்றையே விரித்துக் காட்டுகிறான். உன் பாட்டன் பெலோப்ஸ் ஃபிரிஜியா நாட்டு அயலான் அல்லவா? உன் தந்தை தன் உடன்பிறந்தானுக்கு அவன் பிள்ளைகளையே சமைத்து விருந்திட்டவன் அல்லவா? என் தாயோ அரசன் மகள். வீரத்திற்குப் பரிசாக வந்தவள் என்கிறான். கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் நாட்டவராய் இருந்தால்தான் பிள்ளை குடிமகனாக முடியும். அவ்வூரார் அமர்ந்திருந்த அரங்கில் இவ்வாதம் வெறும் பழங்கதையாக ஒலித்திராது. அயல்நாட்டுத் தாயர் பெற்ற பிள்ளைகள் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தனரோ!

முடிவில் அஜாக்ஸின் பகைவனாகிய ஒடிசியஸே அடக்கம் செய்ய இசைவு பெற்றுத் தருகிறான். தியூக்கர் நன்றி கூறுகிறான். ஆனால் உடலைத் தொடவேண்டாம், இறந்தவனுக்கு அது பிடிக்காமல் போகலாம் என்று பணிவோடு மறுத்துவிடுகிறான். அஜாக்ஸின் மனைவி தெக்மெஸ்ஸா. அவளும் போரில் சிறைப்பட்டவளே. அவள் மகன் யூரிசேசிஸ். அகன்ற கேடயம் என்பது அப்பெயரின் பொருள். தம்பியைக் காத்த கேடயத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறுவனைப் பாட்டன் பாட்டியிடம் சேர்க்கும் பொறுப்பைத் தியூக்கருக்கே அண்ணன் விட்டுச் சென்றிருந்தான்.

இனிக் கப்பல் சாலமிஸ் கரையை நெருங்குகிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஃபிரியாத்திஸ் என்று ஒரு கடலோர இடம் உண்டு. அங்கே ஒரு நீதிமன்றம் கூடியது. அறியாது செய்த கொலைக்காக நாடுகடத்தப்பட்ட ஒருவன்மேல் இன்னொரு கொலைக்குற்றம் சாட்டப்பட்டால், அவன் மண்ணை மிதிக்கக் கூடாது; ஆனால் அவன் சொல்லைக் கேளாமல் தீர்ப்பளிப்பதும் முறையன்று. ஆகவே அவன் படகில் நின்று பேசுவான். நடுவர்கள் கரையிலிருந்து கேட்பர். டெமாஸ்தனிஸும் அரிஸ்டாட்டில் வழிவந்த ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலும் இம்மன்றத்தைக் குறிப்பிடுகின்றன. பௌசானியஸ் இதற்கு ஒரு பழங்கதை தருகிறார்: இவ்வாறு முதன்முதல் வழக்குரைத்தவன் தியூக்கர், தந்தை தெலமோன் முன், அஜாக்ஸின் சாவில் தனக்குக் குற்றமில்லை என்று வாதாடினான்.

ஏஜினாத் துறைமுகத்தில் மேடெழுப்பி நின்ற தெலமோனை மறந்திருக்க மாட்டோம். வேற்றுத்தாய் மகனின் சாவு, கரையில் கண்டிப்பான தந்தை, கடலில் நின்று கெஞ்சும் மகன், துரத்தும் தீர்ப்பு. ஒரு தலைமுறைக்குள் அதே காட்சி திரும்ப வருகிறது. வேறுபாடு ஒன்றே. தெலமோனின் கையில் உடன்பிறந்தானின் குருதி இருந்தது, அல்லது இருந்ததாகத் தந்தை உறுதியாக நம்பினான். தியூக்கரோ அண்ணனின் பிணத்துக்காக மன்னர் இருவரை எதிர்த்து நின்றவன். கடலில் நின்று பேசுவது எத்தகையது என்று கிரேக்க நாட்டிலேயே நன்கறிந்த ஒருவன் உண்டென்றால் அவன் தெலமோன். அந்தத் தெலமோன் கரையில் அமர்ந்து தன் தந்தை கூறிய தீர்ப்பையே கூறினான். பௌசானியஸ் இவ்விரு செய்திகளையும் தம் நூலின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியே எழுதிச் செல்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது அயாக்கஸின் குடும்பமே நம் கண்முன் நிற்கிறது.

துரத்தப்பட்டவன் சைப்ரஸ் தீவுக்குச் சென்றான். கி.மு. 412இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் ‘ஹெலன்’ நாடகத்தில், அப்போலோவின் வாக்கை நம்பி வழிதேடிச் செல்லும் தியூக்கரை எகிப்தில் காண்கிறோம். புறப்படுமுன் தோழர்க்கு அவன் ஊக்கமூட்டியதாக ரோமப் புலவர் ஹொரேஸ் பாடினார். வாழ்வு நன்றாக அமையும் இடமே நாடு என்னும் கருத்தை இவன் பெயரோடு சேர்த்துச் சிசரோ எடுத்தாண்டார். ஆனால் தியூக்கர் அப்படி நினைத்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவ்வாறு நினைப்பவன் புதிய ஊருக்குப் பழைய ஊரின் பெயரை வைப்பானா? சைப்ரஸின் கிழக்குக் கரையில் எழுந்த நகருக்கு அவன் இட்ட பெயர் சாலமிஸ்.

கி.மு. 264இல் பொறிக்கப்பட்ட பாரோஸ் தீவுக் கல்வெட்டு, இந்நகர் நிறுவப்பட்டதைக் கி.மு. 1202க்கு நேரான ஆண்டில் வைக்கிறது. அகழாய்வு அதனை ஏற்கவில்லை. அருகிலுள்ள என்கோமி என்ற பழைய நகர் நலிந்தபின், கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சாலமிஸ் வளர்ந்தது என்பதே மண் சொல்லும் செய்தி. அக்காலத்தில் கிரேக்க நாட்டிலிருந்து மக்கள் சைப்ரஸில் வந்து குடியேறினர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பலர் வந்த வரவைக் கதை ஒருவன் பெயரில் ஏற்றிச் சொன்னது எனலாம். தொல்பொருளறிஞர் வாசோஸ் கராகியார்கிஸ் 1974 வரை அங்கு நடத்திய அகழாய்வுகளில், கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அரசர் கல்லறைகள் வெளிப்பட்டன. கல்லறை வாயில்களில் தேர்களும், பலியிடப்பட்ட குதிரைகளின் எலும்புகளும் கிடந்தன. ஒன்றில் தந்தம் பதித்த அரியணையும் கட்டிலும் இருந்தன. பாட்ரோக்ளஸின் சிதையில் குதிரைகளைப் பலியிட்ட ஹோமரின் காட்சியை இவை நினைவூட்டியதில் வியப்பில்லை.

கி.மு. 480இல் பாரசீகர் படையெடுத்தபோது பழைய சாலமிஸ் தீவின் நீரிணையில் பெருங்கடற்போர் மூண்டது. போருக்கு முன் கிரேக்கர் தெலமோனையும் அஜாக்ஸையும் துணைக்கு வருமாறு வழிபட்டழைத்தனர். அயாக்கஸையும் அவன் வழியினரையும் அழைத்துவர ஏஜினாவுக்கு ஒரு கப்பலையே அனுப்பினர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவர் கூறும் பெயர்களில் தியூக்கர் இல்லை. எதிரே நின்ற பாரசீகக் கடற்படையிலோ சைப்ரஸ் தீவார் கொடுத்த 150 கப்பல்கள் சேர்ந்திருந்தன. புதிய சாலமிஸின் மக்கள், பழைய சாலமிஸின் கடலில், அதன் பகைவர் பக்கம் நின்றனர். தியூக்கரின் பெயரோடு ஒட்டிய விதி இது.

அஜாக்ஸையோ ஏதென்ஸ் தன்னவனாகவே ஆக்கிக்கொண்டது. கி.மு. 508இல் கிளைஸ்தனிஸ் குடிகளைப் பத்துப் பிரிவாக வகுத்தபோது, ஒரு பிரிவுக்கு அஜாக்ஸின் பெயர் இடப்பட்டது. பதின்மரில் அவன் ஒருவனே அயலான். யூரிசேசிஸுக்கும் ஏதென்ஸில் வழிபாடு நடந்தது. தியூக்கரின் பெருமையைப் பாடியது சைப்ரஸே. சாலமிஸை கி.மு. 411 முதல் 374 வரை ஆண்ட எவாகோரஸ் தன்னைத் தியூக்கரின் வழித்தோன்றல் என்றான். அவன் இறந்தபின் ஏதென்ஸ் நாவலர் ஐசாக்ரட்டிஸ் எழுதிய புகழுரையில், அயாக்கஸிலிருந்து தெலமோன், தியூக்கர் வழியாக அரசனின் குலமுறை கிளத்தப்படுகிறது. அக்குலமுறையில் தெலமோனின் தீர்ப்பு நினைவூட்டப்படவில்லை. அரசவைப் புகழுரைகளின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றுதானே!

மற்றொரு கதையும் உண்டு. தந்தை இறந்தான் என்று கேட்டுத் தியூக்கர் மீண்டும் பழைய சாலமிஸுக்குச் சென்றான். இம்முறை அவனைக் கரையேறவிடாமல் தடுத்தவன், அவன் காத்துக் கொணர்ந்த அண்ணன் மகன் யூரிசேசிஸே என்று ரோம வரலாற்றாசிரியர் ஜஸ்டின் எழுதுகிறார். அங்கிருந்து ஸ்பெயின்வரை சென்றானாம்.

சைப்ரஸுக்கு வடக்கே, கடலுக்கு அப்பால், இன்றைய துருக்கியின் தென்பகுதியாகிய சிலிசியா மலைநாட்டில் ஒல்பா என்றொரு திருத்தலம் இருந்தது. அங்குள்ள சூஸ் கோயிலைக் கட்டியவன் தியூக்கரின் மகன் என்றும், அக்கோயிற் பூசகரே நாட்டை ஆண்டனர் என்றும் நிலநூலாசிரியர் ஸ்டிராபோ குறிக்கிறார். அம்மலைவாழ் மக்களின் பழைய இடித்தெய்வத்தின் பெயரைத் தழுவிய உள்ளூர்ப் பெயரே கிரேக்கர் வாயில் தியூக்கர் என்று திரிந்திருக்கலாம் எனச் சில அறிஞர் ஐயுறுவர். அது பொருத்தமான ஐயமே. ஆயினும் மக்கள் நம்பிய கதையில், துரத்தப்பட்ட தம்பி தன் மகனுக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டிருந்தான். ஒல்பாவின் பூசக அரசர் பலரும் தியூக்கர் என்றோ அஜாக்ஸ் என்றோ பெயர் தாங்கினர் என்கிறார் ஸ்டிராபோ. கி.பி. 10ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் வெளியிட்ட செப்பு நாணயங்கள் கிடைத்துள்ளன. ஒருபுறம் இளைஞன் ஒருவனின் தலை. மறுபுறம் மூன்று கால்கள் சுழலும் சின்னம். சுற்றிலும் கிரேக்க எழுத்தில், தலைமைப் பூசகன், தியூக்கரின் மகன் அஜாக்ஸ் என்று பொறித்திருக்கிறது.